கொல்லைப்புறத் தளம்: சிமெண்டா, இண்டர்லாக் கல்லா, மரமா?

கோலாலம்பூரில் வரிசை வீடு வாங்குகிறவர்கள் முன்புறத்துக்குக் கூரை போட்டு, கதவை மாற்றி, வாசலில் கோலத்துக்கு இடம் ஒதுக்கி முடித்த பிறகுதான் பின்புறத்தைத் திரும்பிப் பார்க்கிறார்கள். இருபதுக்கு எழுபது அடி மனையில் சமையலறைச் சுவருக்கும் பின் சந்துக்கும் இடையே மிஞ்சுவது பெரும்பாலும் பத்தடி. மூலை வீட்டுக்காரர்களுக்குப் பக்கவாட்டில் இன்னும் கொஞ்சம் கிடைக்கும். அந்தச் சிறிய இடத்தில்தான் துணி காய வேண்டும், கறிவேப்பிலைச் செடி வளர வேண்டும், துளசி மாடம் நிற்க வேண்டும், தீபாவளி விருந்துக்குப் பெரிய அடுப்பு எரிய வேண்டும். வெயில் தாழ்ந்ததும் நான்கு நாற்காலிகளைப் போட்டு உட்காரவும் வேண்டும். இத்தனைக்கும் ஈடுகொடுக்கும் தளம் எது என்பதைப் பற்றியே இக்கட்டுரை.

தளம் அமைக்க நினைப்பவர்கள் மேலே எதைப் பதிப்பது என்ற கேள்வியிலிருந்து தொடங்குவது வழக்கம். இரண்டு முறை பணம் செலவழித்த அனுபவத்தில் சொல்கிறேன்: முதலில் விசாரிக்க வேண்டியவை தண்ணீரும் மண்ணும்தான். இந்த ஊரில் ஆண்டுக்கு 2,400 மில்லிமீட்டர் அளவுக்கு மழை பெய்கிறது. அதிலும் மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் இடியோடு கொட்டும் மழை ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டரைத் தொடுவது அதிசயமில்லை. இருபதுக்குப் பத்து, அதாவது 200 சதுர அடித் தளத்தில் அந்த ஒரு மழை இறக்கும் தண்ணீர் 900 லிட்டருக்கும் மேல். சமையலறைக் கூரையிலிருந்து வழிவதை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை. இவ்வளவு தண்ணீரும் சுவரோரம் ஓடும் சிறு கால்வாயை அடைய வேண்டுமானால் தளம் வீட்டுச் சுவரிலிருந்து விலகிச் சரிய வேண்டும். எண்பதுக்கு ஒன்று என்ற சரிவு போதும். பத்தடிக்கு ஏறத்தாழ ஒன்றரை அங்குல இறக்கம். கண்ணுக்குத் தெரியாத அளவுதான். ஆனால் அது இல்லாத தளத்தில், எந்தப் பொருளைப் பதித்தாலும், மழை விட்ட மறுநாளும் குட்டை நிற்கும். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக மாற ஏழிலிருந்து பத்து நாள்களே போதும் என்பதையும், நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் 1975-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வீட்டு வளாகத்தில் கொசுப்புழு கண்டால் வீட்டுக்காரருக்கே தண்டம் என்பதையும் இங்கே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது மண். ஈயத்தால் உருவான ஊர் இது. இன்று ஏரிகளாகவும் பூங்காக்களாகவும் காட்சி தரும் இடங்களில் பல ஒரு காலத்தில் ஈய லம்பங்களாக, அதாவது ஈயம் தோண்டிய சுரங்கக் குழிகளாக, இருந்தவை. செரி கெம்பாங்கானில் சுற்றுலாப் பயணிகள் படகு விடும் ஏரியும் அப்படிப்பட்டதே. குழிகளை நிரப்பியும் மேடுகளை வெட்டியும் எழுப்பிய தாமான்களில், அதாவது குடியிருப்புப் பகுதிகளில், வீடு தூண்களையும் மண்ணுக்குள் ஆழமாக இறக்கிய பைல்களையும் நம்பி நிற்கும். பின்புறத் தரையோ நிரப்பிய மண்ணை மட்டுமே நம்பிக் கிடக்கும். இரண்டும் ஒரே வேகத்தில் இறங்குவதில்லை. சமையலறைச் சுவரும் வெளித்தரையும் சேரும் இடத்தைப் பாருங்கள். அங்கே விரல் நுழையும் அளவுக்கு விரிசல் இருந்தாலோ, கால்வாய்ப் பக்கம் தரை அமுங்கியிருந்தாலோ, மண் இன்னும் அடங்கவில்லை என்று பொருள். புதிய தளம் எதுவாயினும் அந்த இறக்கத்தைத் தாங்க வேண்டும், அல்லது இறங்கிய பின் திருத்திக்கொள்ள இடம் கொடுக்க வேண்டும்.

இவ்விரண்டையும் நான் பார்க்கத் தவறினேன். முதல் முறை பின்புறத்தில் மரத்தளம் போட்டபோது, "கெட்டி மரம்தான் அண்ணே, பத்து வருஷத்துக்குத் தொட வேண்டாம்" என்று சொன்ன குத்தகையாளரின் வார்த்தையை அப்படியே எடுத்துக்கொண்டேன். எந்த மரம் என்று கேட்கத் தோன்றவில்லை. மூன்றாம் ஆண்டு ஒரு காலையில் துளசி மாடத்துக்குத் தண்ணீர் ஊற்றப் போன அம்மாவின் குதிகால் பலகைக்குள் இறங்கிவிட்டது. அடி எதுவும் படவில்லை. பலகையைப் பெயர்த்துப் பார்த்தால், மேலே சாயம் பளபளவென்று இருக்க, அடியில் காகிதம் போல் ஒரு தோல் மட்டுமே மீதம் இருந்தது. சுவரோரத்தில் பென்சில் தடிமனுக்கு ஒரு மண்குழாய் தரையிலிருந்து சட்டம் வரை நேராக ஏறியிருந்தது. கறையான். தளம் தரையிலிருந்து நான்கு அங்குலம்தான் உயர்ந்திருந்ததால், குனிந்து பார்த்திருந்தாலும் அது கண்ணில் பட்டிருக்காது.

இனி, எதிரே இருக்கும் வழிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கான்கிரீட் தளமே பலருக்கும் முதலில் தோன்றுவது. அதில் தவறும் இல்லை. நான்கு அங்குலத் தடிமன், நடுவில் பிஆர்சி கம்பி வலை, மேலே கரடான பூச்சு என்றால் அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, ஆட்டுக்கல், எதையும் அது சுமக்கும். 200 சதுர அடிக்குத் தேவைப்படும் கான்கிரீட் இரண்டு கன மீட்டருக்குச் சற்றுக் குறைவு. பெரிய லாரி நுழைய முடியாத பின் சந்தாக இருந்தால் சிறிய கலவை லாரியை வரவழைக்கலாம். கையால் கலப்பதாக இருந்தால் 50 கிலோ சிமெண்டு மூட்டை ஏறத்தாழ பன்னிரண்டு செலவாகும். வீணாய்ப் போகும் கான்கிரீட் தளங்களில் பெரும்பாலானவை கலவைக் கோளாறால் கெடுவதில்லை, அவசரத்தால் கெடுகின்றன. காலையில் கொட்டி, பகல் வெயிலில் காயவிட்டு, மாலை மழையில் நனையவிட்டால் மேற்பரப்பு மாவாக உதிரும். கொட்டிய நாளே பிளாஸ்டிக் விரிப்பால் மூடி, குறைந்தது ஏழு நாள் ஈரம் காக்க வேண்டும். தளத்துக்கும் வீட்டுச் சுவருக்கும் நடுவே இடைவெளி விட்டு இளகிய பசையால் நிரப்ப வேண்டும். நீளவாக்கில் பத்தடிக்கு ஒரு முறை கோடு வெட்டிவிட வேண்டும். விரிசல் வருமானால் அந்தக் கோட்டிலேயே வரட்டும் என்பதற்காக. இவ்வளவு செய்தும் நிரப்பிய மண் இறங்கினால் தளம் துண்டாக உடைந்து சாயும். அதை உடைத்தெடுத்து வெளியேற்றுவதற்கே ஒரு செலவு.

கான்கிரீட்டின் இன்னொரு குறை பலரும் யோசிக்காதது. வரிசை வீடுகளில் கழிவுநீர்க் குழாயும் அதன் மூடிகளும் பெரும்பாலும் பின்புறத்தில்தான் இருக்கின்றன. பொதுக் குழாயைப் பராமரிப்பது இண்டா வாட்டர் நிறுவனத்தின் வேலை; அதுவரை வரும் வீட்டு இணைப்புக் குழாய் வீட்டுக்காரரின் பொறுப்பு. அந்த மூடியை மறைத்துக் கான்கிரீட் கொட்டிவிட்டால், அடைப்பு வரும் நாளில், அதுவும் வீட்டில் விருந்தாளிகள் நிறைந்திருக்கும் நாளாகத்தான் இருக்கும், சுத்தியலை எடுப்பதைத் தவிர வேறு வழி இல்லை. எந்தத் தளமானாலும் மூடியைத் தள மட்டத்துக்கு உயர்த்தித் திறக்கும்படி வைக்க வேண்டும்.

பழைய சிமெண்டுத் தரையின் மேல் ஓடு பதிப்பது மலிவாகவும் துரிதமாகவும் தெரியும். கடையில் மின்னும் வழவழப்பான பீங்கான் ஓடுகளை வெளியே பதித்துவிட்டு, முதல் மழைக்குப் பிறகு அதன் மேல் சாக்கு விரித்து நடக்கும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். வழுக்குத் தடுப்புக்கு ஓடுகளில் ஆர்9 முதல் ஆர்13 வரை ஒரு தரவரிசை உண்டு; மழை படும் இடத்துக்கு ஆர்11-க்குக் கீழே போகாதீர்கள். அதைவிட முக்கியமானது உயரம். வெளித்தரை, வீட்டின் உள்தரையைவிட 150 மில்லிமீட்டர் தாழ்ந்திருப்பது நல்ல கட்டட வழக்கம். பசையும் ஓடும் சேர்ந்து ஒரு அங்குலம் உயர்ந்தால், ஏற்கெனவே நான்கு அங்குலமே இருந்த வீட்டில் மழைநீர் சமையலறைக் கதவுக்கு அடியில் எட்டிப் பார்க்கும். தரை ஏற்கெனவே விரிந்திருந்தால் ஓடும் அதே கோட்டில் விரியும். கூரைக்கு அடியிலும் உறுதியான தரையிலும் மட்டும் ஓடு பதிப்பதை நான் ஏற்பேன்.

இண்டர்லாக் கல்லைப் பலரும் கார் நிறுத்துமிடத்துக்கு உரியது என்று ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அது கொல்லைப்புறத்துக்காகவே செய்தது போல் படுகிறது. மண்ணைத் தோண்டி, நான்கிலிருந்து ஆறு அங்குலம் கிரஷர் ரன், அதாவது தூளோடு கலந்த உடைகல், கொட்டி, இயந்திரத்தால் அடர இடித்து, அதன் மேல் ஒன்றரை அங்குலத்துக்கு மிகாமல் மணல் பரப்பி, 60 மில்லிமீட்டர் தடிமனுள்ள கற்களை நெருக்கி அடுக்கி, இடுக்குகளில் நுண்மணலைப் பெருக்கி நிரப்புவார்கள். எட்டுக்கு நான்கு அங்குலக் கல் என்றால் 200 சதுர அடிக்குத் தொள்ளாயிரத்துச் சொச்சம் கற்கள். மேலே தெரியாத அந்தக் கிரஷர் ரன்தான் தளத்தின் ஆயுள். அதை இடிக்காமல் வெறும் மணலில் கல் அடுக்கிப் போனவர்களின் தளம்தான் ஓராண்டில் அலை அலையாக ஆகிறது. பழி கல்லின் மேல் விழுகிறது. சுற்றிலும் சிமெண்டில் பதித்த ஓரக்கல் இல்லாவிட்டாலும் கற்கள் மெல்ல விலகும்.

இதன் அருமை மண் இறங்கும்போது தெரியும். அமுங்கிய இடத்தில் முப்பது கல்லைப் பெயர்த்து, கிரஷர் ரன் சேர்த்து இடித்து, அதே கற்களைத் திரும்ப அடுக்கினால் அரை நாளில் வேலை முடிந்துவிடும். குழாய் அடைத்தாலும் இதே முறை. பொங்கலன்று மூன்று செங்கல் வைத்து விறகு மூட்டலாம். கான்கிரீட்டில் நேரடியாக எரித்தால் மேல்தோல் சட்டென்று தெறிப்பதுண்டு, ஓடு வெடிக்கும், மரத்தையும் பிளாஸ்டிக்கையும் சொல்லவே வேண்டாம். கல் கருகினால் அந்த நான்கைந்தைத் திருப்பிப் போட்டுவிடலாம். மஞ்சள் கறைக்கும் அதே மருந்து. குறைகளும் உண்டு. எறும்பு மணலை மேலே கொண்டுவந்து குவிக்கும். இடுக்கில் புல் முளைக்கும். கறிவேப்பிலை வேரிலிருந்து கிளம்பும் கன்று கற்களுக்கு நடுவே தலைகாட்டும், அம்மா அதைப் பிடுங்கவும் விட மாட்டார். அழுத்தத் தண்ணீர்ப் பீச்சி கொண்டு கழுவுகிறவர்கள் இடுக்கு மணலையும் சேர்த்து வெளியேற்றிவிடுவார்கள். கற்களுக்கு இடையில் தண்ணீர் முழுவதும் இறங்கிவிடும் என்ற எண்ணமும் தவறு. நம் களிமண் நிரப்பலில் கொஞ்சமே இறங்கும். மிச்சம் மேலேயே ஓடும். ஆகவே சரிவு இதற்கும் வேண்டும்.

மரத்தளத்தை நான் வெறுக்கவில்லை. வெறும் காலுக்கு அதைவிட இதமான தரை கிடையாது: வெயிலில் சிமெண்டைப் போல் சூட்டைப் பிடித்து வைத்திருந்து இரவு ஏழு மணிக்குத் திருப்பித் தராது. பலகைகளுக்கு இடையில் தண்ணீர் வடிந்துவிடுவதால் உள்தரை மட்டத்துக்கே அதை உயர்த்தலாம். படி இறங்க முடியாத முதியவர்கள் உள்ள வீட்டில் இது சாதாரண நன்மை அல்ல. ஆனால் மரம் எது என்பதைக் கேட்டு, ரசீதில் எழுதி வாங்க வேண்டும். கறையானையும் அழுகலையும் இயல்பாகவே தாங்கும் உள்ளூர் மரங்களில் முதலிடம் செங்காலுக்கு. பெயரைக் கேட்டு நாரையை நினைக்க வேண்டாம். திரங்கானுவில் காலங்காலமாகப் படகு கட்டப் பயன்பட்டுவரும் மரம் அது. அதன் வைரப்பகுதிக்குத்தான் அந்தப் புகழ். ஓரத்து வெளிர்மரத்தைக் கறையான் விட்டுவைக்காது. மேற்பரப்பில் ஊசித்துளை போல் சிறு துளைகள் தெரிவது அதன் இயல்பு. அடுத்து பாலாவ், சற்றே மலிவு, கனமானது. மெர்பாவ் அழகிய செந்நிற மரம். ஆனால் முதல் சில மாத மழைகளில் தேநீர் நிறத்தில் சாயம் கக்கும், அடியில் வெள்ளைச் சுவர் இருந்தால் கறை நிலைத்துவிடும். மெராந்தி உள்வேலைக்கு உரியது. என் காலடியில் இருந்ததும் அதுதான் என்று பிறகு ஒரு மரக்கடைக்காரர் துண்டை முகர்ந்து பார்த்துச் சொன்னார்.

நல்ல மரமே வாங்கினாலும் மரத்தளத்துக்கு அடியில் காற்று வேண்டும். ஓரடி உயரமாவது இருந்தால் காற்றும் போகும், கையையும் விளக்கையும் விட்டு மண்குழாய் ஏறியிருக்கிறதா என்று ஆறு மாதத்துக்கு ஒரு முறை பார்க்கலாம். வரிசை வீட்டுப் பின்புறத்தில் அந்த உயரம் கிடைப்பது அரிது. நான்கு அங்குலச் சந்தில் இலை மக்கும், எலி குடியேறும், விழுந்த கரண்டியை எடுக்கக்கூட வழி இருக்காது. சட்டத்துக்குத் துத்தநாகம் பூசிய இரும்பு, ஆணிக்குப் பதில் துருப்பிடிக்காத எஃகுத் திருகு, பலகைகளுக்கு நடுவே ஐந்தாறு மில்லிமீட்டர் இடைவெளி, ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை எண்ணெய்ப் பூச்சு. எண்ணெய் பூசாமல் விட்டால் செங்கால் சாம்பல் நிறமாகும். உறுதி குறையாது, சிலருக்கு அந்த நிறமே பிடிக்கும். நிழலில் பாசி பிடித்தால் மட்டும் தேய்த்துக் கழுவியே ஆக வேண்டும். பலகையில் வரிவரியாகக் கீறியிருந்தால் வழுக்காது என்பார்கள்; அந்த வரிகளில்தான் பாசி முதலில் தங்குகிறது. தரை சாய்வாக இறங்கும் மூலை வீட்டிலோ, மேட்டில் அமைந்த தனி வீட்டிலோ மண் நிரப்பிச் சமன்படுத்துவதைவிடக் கால்கள் நிறுத்தி மரத்தளம் கட்டுவதே அறிவுடைமை. அங்கே அடியில் உயரமும் தானாகக் கிடைத்துவிடுகிறது.

கம்போசிட் எனப்படும் மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த பலகையைப் பராமரிப்பே தேவைப்படாதது என்று விற்கிறார்கள். பலகையைக் கறையான் பெரும்பாலும் தீண்டாது என்பது சரி. அதற்கு அடியில் சாதாரண மரச்சட்டம் வைத்தால் கறையானுக்குச் சட்டம் போதும். கோலாலம்பூர் நிலநடுக்கோட்டுக்கு மூன்று பாகை வடக்கே இருக்கிறது. உச்சி வெயில் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய தலைக்கு மேலேயே நிற்கும். அந்த வெயிலில் கரும்பழுப்புக் கம்போசிட் பலகை மேல் செருப்பில்லாமல் நிற்க முடியாது. வெப்பத்தில் நீளவாக்கில் விரியும் என்பதால் முனைகளில் இடம் விடாமல் முட்டவைத்த பலகை மேலெழும்பி வளையும். உள்ளே பொந்தான பலகைக்குச் சட்டங்கள் நெருக்கமாக வேண்டும். குத்தகையாளர் மிச்சம்பிடிப்பதும் அங்கேதான். மேலுறை இல்லாத பலகையில் குழம்பு சிந்தினால் கறை ஊறிவிடும். கூரை நிழல் உள்ள இடத்துக்கு, மேலுறை போட்ட வெளிர்நிறப் பலகையாகப் பார்த்து எடுத்தால் குறை சொல்வதற்கில்லை. திறந்தவெளிக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கூரையைப் பற்றி ஒரு வார்த்தை. பின்புறம் மேற்கு நோக்கிய வீடுகளில் பிற்பகல் இரண்டு மணிமுதல் சூரியன் மறையும் ஏழேகால் மணிவரை தளம் கொதிக்கும். கூரையோ மரநிழலோ இல்லாமல் அங்கே உட்காரும் தளம் என்று எதைப் போட்டாலும் துணி மட்டும்தான் உட்காரும். ஆனால் கூரையும் சுவரும் கட்டட வேலை. சாலை, வடிகால், கட்டடங்கள் பற்றிய 1974-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஊராட்சி அமைப்பின் அனுமதி தேவைப்படும் என்பதால், வேலை தொடங்குமுன் மாநகர் மன்ற முகப்பில் கேட்டு பெர்மிட் எடுத்துவிடுவது நல்லது. அண்டை வீட்டில் தண்ணீர் விழும்படி கூரையைச் சரிக்கக் கூடாது. பின் சந்து நம் நிலம் அல்ல. தளத்தை வேலிக்கு வெளியே ஓரடி நீட்டும் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும்.

என் முடிவு இதுதான். தட்டையான தரையும் நிரப்பிய மண்ணும் உள்ள சராசரி வரிசை வீட்டுக்கு, சமையலறைக் கதவை ஒட்டி நான்கடி அகலத்துக்குக் கரடான கான்கிரீட் பட்டை. பாத்திரம் கழுவவும் மீன் அலசவும் அது போதும். அதற்கு அப்பால் கால்வாய் வரை வெளிர்நிற இண்டர்லாக் கல். கால்வாயை மூடாமல் கழற்றக்கூடிய கம்பி வலை. மண் பல ஆண்டுகளாக அசையவில்லை, மூடிகள் வழியில் இல்லை என்றால் முழுவதும் கான்கிரீட்டாக விட்டாலும் பாதகமில்லை, செலவும் குறையும். மரத்தளத்தைத் தரை சாயும் வீட்டுக்காரர்களும், முழங்கால் வலிக்காரர்களுக்காகப் படியைத் தவிர்க்க விரும்புகிறவர்களும் தேர்ந்தெடுக்கலாம், செங்காலுக்குக் கொடுக்கும் பணத்தில் தயங்காமல். அடியில் ஓரடி இல்லாத இடத்தில் மரத்தைப் பற்றிப் பேச வேண்டாம்.

வேலையை ஜூன், ஜூலை போன்ற மழை குறைந்த மாதங்களில் வைத்துக்கொண்டால் மண்ணை இடிப்பதும் கான்கிரீட் காப்பதும் சுலபம். தீபாவளிக்குள் முடித்துத் தருகிறேன் என்று அக்டோபரில் கையடிக்கும் குத்தகையாளரை அடுத்த ஆண்டு வரச் சொல்லலாம். கடைசித் தவணையைக் கொடுப்பதற்கு முன், ஒரு வாளித் தண்ணீரைக் கதவோரம் ஊற்றிவிட்டு அருகில் நில்லுங்கள். இரண்டாம் முறை நான் ஊற்றியபோது தண்ணீர் துளசி மாடத்தைச் சுற்றிக்கொண்டு நேராகக் கால்வாய்க்குப் போனது, இடப்பக்க மூலையில் மட்டும் உள்ளங்கையளவு தேங்கியது. அந்த மூலையில் பன்னிரண்டு கல்லை எடுத்து மறுபடி அடுக்கிய பிறகுதான் மீதிப் பணத்தைக் கொடுத்தேன்.